கடைசி ஆளு அவுக்குற கயிறு

போன சித்திரையில ஓட ஆரம்பிச்ச சன்னாசி இந்தச் சித்திரை வரைக்கும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தாருன்னு நான் சொன்னா, வெளியூர்க்காரங்க டீயைப் பாதியில வச்சிட்டு என் மூஞ்சியைப் பாக்குறாங்க. பாக்கட்டும். எங்க ஊர்ல யாரும் அப்படிப் பாக்கல. கண்ணு முன்னாடி ஒரு மனுசன் ராவும் பகலும் ஓடிக்கிட்டு இருக்கும்போது அது நெசமா பொய்யான்னு பேசிக்கிட்டு நிக்க யாருக்கு நேரம் இருக்கு, அவருக்குச் சோறு எப்படிக் குடுக்குறதுங்குறதுதான் பேச்சு.

எங்க வாகைப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு கரடு இருக்கு, கழுகுக்கரடுன்னு பேரு, முள்ளும் பாறையுமா மொட்டையா நிக்கும். சாமி கும்பிட்டு முடிஞ்ச மறுநாள், மத்த ஊர்க்காரங்க எல்லாம் வெயிலுக்குப் பயந்து ஃபேனுக்குக் கீழ கெடக்குற நேரத்துல, எங்க ஊர்க்காரங்க ஊருணிக்கரையில இருந்து கெளம்பி, தெக்குச் சரிவுல ஏறி, உச்சியில நிக்கிற சூலக்கல்லைச் சுத்தி, வடக்குப் பக்கமா எறங்கி, உரசுப்பாறையைத் தாண்டி, என் டீக்கடைக்கு முன்னாடி இருக்கிற ரெட்டைப் புளியமரத்துல கட்டுன தேங்காநார்க் கயித்துக்குக் கீழ நுழைவாங்க. அதுதான் கரட்டோட்டம். அதுல உரசுப்பாறைங்குறது ஒத்தை ஆளு மட்டும் போற தடம், ஒரு பக்கம் தோள் உரசுற பாறை, மறுபக்கம் பாதாளம். அங்க பின்னாடி வர்றவன் "தடம்!"னு குரல் குடுத்தா முன்னாடி போறவன் பாறையோட ஒட்டி நின்னு வழி விட்டே ஆகணும், அப்பனா இருந்தாலும் சரி, பகையாளியா இருந்தாலும் சரி. விடலன்னா அந்த ஆளு ஆயுசுக்கும் ஓட்டத்துல கால் வைக்க முடியாது. கயித்துக்கும் ஒரு மொறை உண்டு. மொதல்ல வர்றவனுக்கு மாலை போடுவோம், சரி, ஆனா கயிறை அவுக்குற உரிமை கடைசியா வர்ற ஆளுக்குத்தான். அவரு வந்து, முடிச்சைத் தன் கையால அவுத்தாத்தான் பந்தியில எலை விழும்.

சன்னாசிதான் வருசா வருசம் கடைசி. மோட்டார் ரிப்பேர் பாக்குற மனுசன், கையில இருக்கிற வேகம் கால்ல கெடையாது. கயிறை அவுத்துச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, என்னமோ கோப்பையை ஜெயிச்சிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வருவாரு. அவரு பொண்டாட்டி ஒச்சம்மாவுக்குத்தான் மானம் போகும். "என்னத்தா, உன் புருசன் அடுத்த பொங்கலுக்காவது வந்திருவாரா?"ன்னு கேக்காத வாய் எங்க ஊர்ல கெடையாது. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் நிப்பா, உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு.

போன வருசம் கெடாக்கறிக் கொழம்பு கொதிச்சு எறக்கியாச்சு, மேற்க மேகம் கருத்து நின்னுச்சு, எல்லாருக்கும் பசி, சன்னாசியைக் காணோம். அப்ப இந்த ஒச்சம்மா, கொம்பு ஊதி ஓட்டத்தை நடத்துற வீரணன்கிட்டப் போயி, "அந்தாளு எங்கனயாவது பாறை நெழல்ல படுத்துத் தூங்கியிருப்பாரு, அவுத்து விடுங்கண்ணே, கொழம்பு ஆறுது"ன்னு சொன்னா. வீரணன் ஒரு நிமிசம் யோசிச்சாரு. பெறகு அவரே அவுத்துட்டாரு. கட்டுன பொண்டாட்டியே சொல்லும்போது அவருக்கென்னன்னு நெனச்சிருப்பாரு.

எலை போட்டு மொத வாய் வைக்கல, உரசுப்பாறையில இருந்து சன்னாசி எறங்கி ஓடி வர்றாரு, வேர்த்து ஊத்தி, கையைத் தூக்கிக்கிட்டு. ரெண்டு மரத்துக்கும் நடுவுல வந்தாரு, மேல பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, "கயிறு எங்கப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே தாண்டி ஓடிட்டாரு. நாங்க அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஊருணிக்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாருன்னு பாத்தா, மனுசன் தெக்குச் சரிவுல மறுபடி ஏறிக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்கு ஏறுனவருதான். நிப்பாட்டிப் பாத்தோம், ரெண்டு ஆளு இடுப்பைப் புடிச்சாங்க, அந்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டே ஓடுனாரு. மரத்துல கயிறைக் கட்டிப் பாத்தோம். கயித்துக்குக் கீழ நுழைஞ்சு தாண்டிப் போயி, "இது துணி காயப்போடுற கயிறுப்பா, ஓட்டக் கயிறு எங்க?"ன்னு கேட்டாரு. நெசந்தான், ஓட்டம் முடிஞ்ச பெறகு கட்டுன கயிறு ஓட்டக் கயிறாகுமா?

ஒரு மாசத்துல ஊரு பழகிப்போச்சு. நான் ரோட்டோரமா நின்னு டீயை நீட்டுவேன், வாங்கிக் குடிச்சுக்கிட்டே ஓடி, வளைவுல இருக்கிற வேலிக்கம்புல டம்ளரைக் கவுத்துட்டுப் போயிருவாரு. ஒச்சம்மா சோத்தை உருண்டை பிடிச்சு வச்சிக்கிட்டுப் புளியமரத்தடியில நிப்பா, அவரு வாங்கி வாயில போட்டுக்கிட்டே போவாரு. முடி வெட்டுறவரு மொபெட்டுக்குப் பின்னாடி திரும்பி உக்காந்துக்கிட்டு, கத்திரியை வச்சிக்கிட்டு, "தலையை ஆட்டாதய்யா"ன்னு கத்திக்கிட்டே ரெண்டு சுத்துல வெட்டி முடிச்சாரு. ரேசன் கடைக்காரரு ரேகை மிசினைத் தூக்கிக்கிட்டுக் கூடவே ஓடி, வெரல் பதியலன்னு மூச்சு வாங்கித் திட்டிக்கிட்டே மறுபடி ஓடுனாரு. டாக்டரும் வந்து பாத்துட்டு, நல்ல எக்சர்சைஸ்தான், தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. வெக்கங்கெட்ட ஊரு, அவரை வேலைக்கும் வச்சுக்கிச்சு, கரட்டு மேல ஆட்டுக்கெடை போட்டிருக்கிறவங்களுக்கு வெத்தலை, மாத்திரை, செய்தி எல்லாம் அவருகிட்டத்தான் குடுத்து விட்டாங்க. மோட்டார் ஓடலன்னா, இந்தச் சுத்துல என்ன கோளாறுன்னு சொல்லுவாங்க, அடுத்த சுத்துல அவரு பதில் சொல்லுவாரு. அடைமழையில ஓடுனாரு, தீவாளிக்குப் புதுச்சட்டையோட ஓடுனாரு, சமதளத்துல கண்ணை மூடித் தூங்கிக்கிட்டே ஓடுனாரு, நாய்கூட அவரைப் பாத்துக் கொரைக்குறதை விட்ருச்சு.

ஒண்ணு மட்டும் யாருக்கும் பழகல. ஒவ்வொரு சுத்துலயும் புளியமரத்துக்குக் கீழ வரும்போது, "கயிறை யாருப்பா அவுத்தது?"ன்னு கேப்பாரு. ஊருக்கே தெரியும். ஒருத்தர் வாயும் தெறக்காது. சோத்துருண்டையோட நிக்கிற ஒச்சம்மா தரையைப் பாப்பா, நான் பாயிலரைப் பாப்பேன், அதுக்குள்ள அவரு வளைவைத் தாண்டிருப்பாரு.

தை மாசம் வாக்குலதான் நான் மொதல்ல பாத்தேன், அவரு ஓடுன மண்ணுல தடம் விழல. மத்தவங்க காலடி இருக்கு, ஆடு போன கொளம்புத்தடம் இருக்கு, சன்னாசி காலடி இல்ல. மாசி போயி பங்குனி வந்தப்ப அவரு நெழலு வெளுக்க ஆரம்பிச்சிருச்சு, கஞ்சித் தண்ணி மாதிரி. உச்சிவெயில்ல பாத்தா அவரு சட்டை வழியா அந்தப் பக்கத்து வேலி தெரிஞ்சுச்சு. ஆனா வேகம் மட்டும் கூடிக்கிட்டே போச்சு. ஒச்சம்மா என் கடைக்கு வந்து தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னு, "மதினி, சோத்தை வாங்கும்போது இன்னைக்கு அவரு வெரலு என் கையில படவே இல்ல மதினி"ன்னு சொன்னா.

வீரணன் ஊரைக் கூட்டுனாரு. போன வருசத்து ஓட்டம் இன்னும் முடியல, கடைசி ஆளு கயிறை அவுக்கல, அதான் கதை, இந்த வருசம் கயிறு கட்டுறோம், சன்னாசிக்கு முன்னாடி எல்லாரும் வந்து நுழைஞ்சிரணும், அவரு கடைசியா வந்து அவுக்கணும், தப்புனா அடுத்த சித்திரைக்கு அவுக்க ஆளே இருக்காதுன்னு சொன்னாரு. கேக்கச் சுளுவாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மனுசன் இப்ப ஓடுற ஓட்டத்துக்கு அவருக்கு முன்னாடி வர்றதுக்கு எவனுக்குக் காலு இருக்கு? அவரு ரெண்டாஞ் சுத்து முடிக்கிறதுக்குள்ள மத்தவங்க ஒத்தைச் சுத்து முடிச்சிரணும், அதுக்கு மேல ஆகாது. தொப்பை போட்டவங்க, மூச்சு வாங்குறவங்க எல்லாம் இந்த வருசம் ஓடக்கூடாதுன்னு முடிவாச்சு. கோயம்புத்தூர்ல இருந்து பட்டை பட்டையா ஷூ மாட்டிக்கிட்டு ஓட வந்த பயலுகளுக்கும் சொல்லிப் புரிய வச்சோம். அவனுங்க ஒரு மாதிரியாப் பாத்தானுங்க, ஆனா சரின்னானுங்க.

ஓட்டத்தன்னைக்குக் கொம்பு எடுக்குற நேரத்துக்கு ஒச்சம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஊருணிக்கரையில வந்து நிக்கிறா. முட்டியில துணி சுத்தியிருக்கு, வாதம் வந்த முட்டி அது, மாடிப்படி ஏறவே அனத்துவா. வீரணனுக்குக் கண்ணு செவந்துருச்சு.

"ஏத்தா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? போன வருசம் பண்ணுனது பத்தாதா?"

"நான் ஓடணும்ணே."

"நீ அவருக்கு முன்னாடி வந்து சேருவியா? உன்னாலயே அந்தாளு போயிருவாருத்தா."

"அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. புளியமரத்தடியில நின்னு சொல்லிப் பாத்துட்டேன், ஒரு வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன். வாயைத் தெறக்குறதுக்குள்ள வளைவு தாண்டிப் போயிர்றாரு. ஓடுற ஆளுகிட்ட ஓடித்தான சொல்லணும்?"

சண்டை முத்துறதுக்குள்ள சன்னாசி ஊருணிப் பக்கம் திரும்பிட்டாரு, அவரு வந்த நேரத்துக்குக் கொம்பை ஊதியே ஆகணும், வீரணன் கோவத்தோடயே ஊதுனாரு. கூட்டம் பொத்துக்கிட்டு ஓடுச்சு. அவ நொண்டிக்கிட்டே பின்னாடி போனா. நான் வாய்விட்டே திட்டுனேன், பாவி மக, இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கப் போறாளேன்னு.

ஷூ போட்ட பயலுக பாதிக் கரடு ஏறல, சன்னாசி சூலக்கல்லைச் சுத்தி எறங்கிட்டாரு. உரசுப்பாறையைத் தாண்டி வரும்போதே அவரு கண்ணுல கயிறு பட்டுருச்சு. "கயிறு இருக்குடா! கயிறு இருக்குடா!"ன்னு கத்திக்கிட்டே, சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே வந்தாரு. கயித்துக்குக் கீழ நுழைஞ்சாரு. வாழ்நாள்ல மொத தடவையா கரட்டோட்டத்துல மொதல் ஆளு அவருதான், மாலையோட நின்னவங்க போடக்கூட மறந்து நின்னாங்க. காலு நிக்கல. தாண்டி ஓடும்போது திரும்பிக் கயிறைப் பாத்தாரு பாருங்க, எறங்க வேண்டிய ஸ்டாப்புல பஸ்ஸு நிக்காமப் போகும்போது ஜன்னல் வழியாப் பாப்பமே, அந்த மாதிரி.

பெறகு ஒவ்வொருத்தனா வந்தானுங்க. வந்தவன் எல்லாம் மாலையைக் கேக்கல, தண்ணியைக் கேக்கல, திரும்பிக் கரட்டைத்தான் பாத்தான். வெயிலு மண்டையைப் பொளக்குது. வீரணன் தலையை எண்ணிப் பாத்துட்டு, எல்லாம் வந்தாச்சு, அவ ஒருத்திதான் பாக்கின்னாரு. ரொம்ப நேரம் பாறை சும்மா கெடந்துச்சு. அப்புறம் உரசுப்பாறையோட மேல்முனையில ஒரு செவப்புச் சேலை தெரிஞ்சுச்சு, ஒரு கையால பாறையைப் புடிச்சுக்கிட்டு, காலை இழுத்து இழுத்து வருது. அப்பாடான்னு மூச்சு விடல, அவளுக்குப் பின்னால, சரிவுல, காத்துல பஞ்சு வர்ற மாதிரி சன்னாசி எறங்கிக்கிட்டு இருந்தாரு.

"ஓடுத்தா! ஓடு!"ன்னு ஊரே கத்துச்சு. போன வருசம் அவளைக் கேலி பண்ணுன வாயெல்லாம் தொண்டை கிழியக் கத்துச்சு. அவளால எப்படி ஓட முடியும்? ரெண்டு எட்டு வச்சா, பாறையில சாஞ்சா. அவரு அவளைத் தாண்டிட்டா கடைசி ஆளு அவதான், கயிறை அவுக்குறவளும் அவதான், அவரு இப்படியே தேஞ்சு தேஞ்சு காத்தோட போயிருவாரு. அதுக்குள்ள அவரு பாறைத்தடத்துல நுழைஞ்சிட்டாரு.

அந்தப் பாறையில ஒரு ஆளு தும்முனா என் கடையில கேக்கும். கேட்டுச்சு.

"தடம்!"

ஒச்சம்மா ஒதுங்கல.

"தடம்! யாரும்மா அது, காது கேக்கலயா? தடம்!"

எங்க ஊர்ல பொறந்த யாரும் அந்தக் குரலுக்கு ஒதுங்காம நின்னு நாங்க பாத்ததில்ல. கோயம்புத்தூர்ப் பய ஒருத்தன் "இது ஃபவுல் இல்லையா?"ன்னான். "வாயை மூடுடா"ன்னாரு வீரணன், ரூல் எல்லாம் காக்குற வீரணன்.

"நான்தான்யா. வழி விடமாட்டேன். பின்னாடியே வா."

"ஒச்சு? நீ எதுக்கு இங்க வந்த? என்னால நடக்க முடியாதுடி, தெரியுமில்ல?"

"நடக்க முடியலன்னா நின்ன எடத்துலயே ஓடு. நான் சொல்றதைக் கேட்டுட்டு ஓடு."

அவரு அவளுக்குப் பின்னால நின்ன எடத்துலயே ஓடுனாரு. தப்பு தப்புன்னு பாதச் சத்தம் கேட்டுச்சு. அவ திரும்பல, நொண்டிக்கிட்டே ஒவ்வொரு எட்டா வச்சா.

"கயிறை அவுக்கச் சொன்னது நான்தான்யா."

பாதச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

"எதுக்கு?"

"கொழம்பு ஆறுதுன்னேன். அது பொய்யி. வெக்கமா இருந்துச்சு. வருசா வருசம் நீ கடைசியா வர்றதும், கயிறைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சிரிக்கிறதும், இவங்க என்னைப் பாத்துச் சிரிக்கிறதும். ஒரே ஒரு வருசம் நீ கயிறோட வராம இருந்தா என்னன்னு தோணிருச்சுய்யா."

"வருசம் பூராக் கேட்டேனேடி. ஒவ்வொரு சுத்துக்கும் கேட்டேன். நீதான சோத்தோட அங்க நின்ன."

"ஆமாய்யா. நான்தான் நின்னேன்."

அதுக்குள்ள பாறைத்தடம் முடிஞ்சிருச்சு. அங்க இருந்து புளியமரம் வரைக்கும் அகலமான பொட்டல், மாட்டுவண்டியே திரும்பலாம், இனிமே தடம் கேக்க வேண்டியதில்ல. கோவம் வந்தா ஒரே பாய்ச்சல்ல தாண்டிப் போயிரலாம், அவரைத் தப்புச் சொல்ல ஊர்ல ஒருத்தனுக்கும் வாய் கெடையாது. அவரு வெலகி வெளிய வந்தாரு. அவளுக்குச் சரிசமமா வந்தாரு. ஒரு எட்டு முன்னாடிகூட வந்துட்டாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன், மூடுனது பொறுக்காமத் தெறந்தேன்.

அவரு அவ முட்டியைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. துணி அவுந்து தொங்குச்சு, பாறையில தேஞ்ச ரத்தம் கணுக்கால் வரைக்கும் எறங்கியிருந்துச்சு.

"ரொம்ப வலிக்குதா?"

"உசுரு போகுதுய்யா. இதுலயா வருசா வருசம் ஓடுன?"

"கடைசியா வர்றது என்ன லேசுன்னு நெனச்சியா?"ன்னு கேட்டுட்டு அவரு பின்வாங்குனாரு. அவளுக்குப் பின்னால வந்தாரு. அவ ஒரு எட்டு வச்சா அவரும் ஒரு எட்டு வச்சாரு, அவ நின்னு மூச்சு வாங்குனா அவரு நின்ன எடத்துல காலை மாத்தி மாத்தி வச்சாரு, அப்புறம் அந்த மாத்துறதும் மெதுவாச்சு. வீரணன் என் கையைப் புடிச்சு அமுக்கினாரு. "பவுனு, அங்க பாரு, கீழ பாரு"ன்னாரு. சன்னாசி காலுக்குக் கீழ புழுதி கெளம்புச்சு. அவரு வந்த வழியில, அவ பாதத்துக்குப் பின்னால, இன்னொரு பாதம் பதிஞ்சு வந்துச்சு.

ஒச்சம்மா கயித்துக்குக் கீழ நுழைஞ்சு அந்தப் பக்கம் விழுந்தா. சன்னாசி கயித்துக்கு முன்னாடி வந்து நின்னாரு. நின்னாருங்க. ஒரு வருசத்துக்குப் பெறகு அந்தக் காலு ரெண்டும் ஒரு எடத்துல நின்னுச்சு.

ஆனா கையி மறந்துபோச்சு. சோத்துருண்டையையும் டம்ளரையும் மட்டும் புடிச்சுப் பழகுன வெரலு, முடிச்சை எந்தப் பக்கம் இழுக்கிறதுன்னு தெரியாமத் தடவிக்கிட்டே இருந்துச்சு. நார் முடிச்சு வேற, வீரணன் தண்ணி தெளிச்சு இறுக்கிக் கட்டியிருந்தாரு. ஷூக்காரப் பய ஒருத்தன் பேனாக்கத்தியை எடுத்துக்கிட்டு முன்னாடி போனான். வீரணன் அவன் பனியனைப் புடிச்சு இழுத்தாரு. "தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்."

நின்னோம். வெயிலு சாஞ்சுச்சு, நின்னோம். அடுப்பு அணைஞ்சுச்சு, கொழம்பு மேல கொழுப்பு ஆடை கட்டுச்சு, எலைக்கட்டு வாடுச்சு, புள்ளைங்க பசியில சிணுங்குச்சு, ஒருத்தரும் "சீக்கிரம்"னு சொல்லல. ஒச்சம்மா தரையில உக்காந்த மேனிக்கு அவரு வெரலையே பாத்துக்கிட்டு இருந்தா. சூரியன் கரட்டுக்குப் பின்னால எறங்குற சமயத்துல ஒரு இழை தளந்துச்சு, பெறகு இன்னொண்ணு, பெறகு கயிறு மொத்தமா அவரு கையில வந்து விழுந்துச்சு.

அவரு அதைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டாரு. நெஞ்சை நிமித்தல, சிரிக்கல. நேராப் பந்திக்குப் போயி எலைக்கு முன்னாடி உக்காந்தாரு. ஒச்சம்மா நொண்டிக்கிட்டே எந்திரிச்சு வந்து கரண்டியை எடுத்தா.

"கொழம்பு ஆறிருச்சா?"ன்னு கேட்டாரு.

"ஆறிருச்சுய்யா"ன்னா. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு, கரண்டியைப் புடிச்சுக்கிட்டே குலுங்கி அழுதா.

"பரவால்ல, போடு."

அவரு மொத வாய் வச்ச பெறகுதான் நாங்க உக்காந்தோம். ஆறிப்போன கறிக்கொழம்பு ருசியா இருந்துச்சுன்னு சொன்னா அது பொய்யி. ஆனா அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு எலையிலயும் ஒரு பருக்கை மிச்சம் விழல.